எட்டு அறைக்கு ஒரு தொண்டை

எட்டு மாதமாக, கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மேடம் பயில்வானைத் தன் அறைக்குள் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் அவன் பஞ்சுக்குச்சி போட்ட எட்டுக் குழாய்களை அடுக்கிக் கொண்டுபோய் அந்த அறையின் சின்ன ஜன்னலில் நீட்டுவான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம். அந்தத் திங்கட்கிழமை காலையில் ஜன்னல் திறக்கவில்லை, கதவே திறந்தது.

"பயில்வான், உள்ள வாங்க. எதையும் தொட்டுடாதீங்க."

எதையும் தொடாமல் இருப்பதில் பயில்வானை மிஞ்ச அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் எலிக்கூடத்தில் ஆளே கிடையாது. கைகளைக் கட்டிக்கொண்டு, தோள் கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் நுழைந்தான்.

மேசையில் எட்டுக் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. ரத்தம் கலந்த சிவப்புக் கூழ் உறைந்த தட்டுகள். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில், சளித் துளி சிந்தியது போல வழவழவென்று புள்ளிகள் முளைத்திருந்தன. மேடம் ஒரு மெல்லிய கம்பியால் ஒரு புள்ளியைத் தொட்டுத் தூக்கினார். அது அறுந்துவிடாமல் ஒரு விரல்கடை நீளத்துக்கு நூல் போல இழுபட்டு வந்தது.

"நூல் விடுது பாத்தீங்களா? க்ளெப்சியெல்லா."

"நல்லதுங்களா மேடம்?"

"நல்லதா? நுரையீரல்ல சீழ் வைக்கிற கிருமிங்க இது. போன வாரம் நீங்க குடுத்த எட்டுப் பஞ்சுக்குச்சியிலயும் இதுதான் மொளைச்சிருக்கு. இங்க பாருங்க." பக்கத்தில் இருந்த இன்னொரு வரிசையைக் காட்டினார். அந்தத் தட்டுகளில் ஆறாறு மருந்து வில்லைகள், பொட்டு வைத்தது போல ஒட்டியிருந்தன. "மூணு மருந்துக்குச் சாகுது. மூணு மருந்துக்கு அசையவே இல்ல. எட்டு ரூம்லயும் அதே மூணுக்குத்தான் அசையல. அப்ப என்ன அர்த்தம்? எட்டும் ஒரே வம்சம். ஒரு ரூம்லேருந்து மத்த ரூமுக்கெல்லாம் போயிருக்கு. கிருமிக்குக் கால் இருக்கா?"

"இல்லீங்க."

"எட்டு ரூமுக்கும் போறது யாரு?"

"நாந்தாங்க."

"கிளவுஸ் மாத்தாம ஒவ்வொரு எலியையும் தொட்டுத் தொட்டு, நீங்கதான் சுமந்துட்டுப் போயிருக்கீங்க."

செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் மறுக்கலாம். ஆனால் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால், செய்த குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். எலியைத் தொட்டுப் பரப்பவில்லை, ஏனென்றால் நான் எலியைத் தொட்டதே இல்லை என்று எப்படிச் சொல்வான்?

உண்மை அதுதான். ஆறடி உயரம், கதவை மறைக்கும் தோள். தண்ணீர் டிரம்மை ஒற்றைக் கையால் மாடிக்கு ஏற்றிவிடுவான். ஆனால் சுண்டெலியைக் கண்டால் அவன் முழங்கால் இரண்டும் அவன் பேச்சைக் கேட்காது. சின்ன வயதில் எலி கடித்ததா, பேன்ட்டுக்குள் ஏறியதா என்றால் அப்படியெல்லாம் ஒரு கதையும் இல்லை. சிலருக்கு உயரம் பயம், சிலருக்கு ஊசி பயம், அவனுக்கு இது. இது தெரியாமல் அவன் மனைவி, அந்த நிறுவனத்துக்கே வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பவள், டைரக்டருக்கு அளவு எடுக்கும்போது, "எங்க வீட்டுக்காரர் எதுக்கும் பயப்பட மாட்டாருங்க" என்று சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கு முன் நாற்காலிக் கடையில் இருந்தான், முதுகு பிடித்துக்கொண்டது. காவல்காரனாக இருந்தான், நின்றுகொண்டே தூங்கினான். இந்த வேலையாவது நிலைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சு நிறைய ஆசை.

கூண்டு மாற்றும் வேலையில் சிக்கல் இல்லை. ரப்பர் முனை வைத்த நீளமான இடுக்கி கொடுத்திருந்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த கூண்டில் விட்டுவிடுவான். சிக்கல் காவல் எலியில்தான். ஒவ்வோர் அறையிலும் ஒரு கூண்டு காவல் கூண்டு. அறையில் உள்ள மற்ற எலிகளின் அழுக்கு மரத்தூளை வாரத்துக்கு ஒரு பிடி எடுத்து அதில் போடுவார்கள். அறைக்குள் நோய் இருந்தால் காவல் எலிக்குத்தான் முதலில் ஒட்டும். அதனால் மாதம் ஒருமுறை அதன் தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தால் அந்த அறையின் கதை தெரிந்துவிடும். அந்தக் குச்சியை விடுவதற்கு இடுக்கி உதவாது. கழுத்துத் தோலை விரலால் கொத்தாகப் பிடித்து, மல்லாக்கத் திருப்பி, வாய் திறக்கும்போது விட வேண்டும்.

முதல் மாதம், முதல் அறையில், அவன் ஒரு மணி நேரம் கூண்டின் முன்னால் நின்றான். உள்ளே இருந்தது பின்னங்காலில் எழுந்து நின்று இரண்டு பல்லைக் காட்டியது. இரண்டாம் அறையில் இருந்தது பல்லைக் காட்டவில்லை, நேராகக் கையுறையையே பிடுங்கியது. மூன்றாம் அறைக்குப் போகும்போது அழுகை முட்டியது. அங்கே ஒரு தடித்த, வயதான, வெள்ளைச் சுண்டெலி மெல்ல நடந்து வந்து அவன் கையுறையின் மேல் ஏறி உட்கார்ந்து கொட்டாவி விட்டது. விட்ட கொட்டாவிக்குள் பயில்வான் குச்சியை விட்டான். எலி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இன்னொரு குச்சியை எடுத்தான். அதன்பிறகு இன்னொன்று. எட்டுக் குச்சி, எட்டுக் குழாய், எட்டு ஒட்டுச்சீட்டு: அறை ஒன்று, அறை இரண்டு, அறை மூன்று என்று வரிசையாக, அழகான கையெழுத்தில்.

அதற்குச் 'சாது' என்று பெயர் வைத்தான். எட்டு மாதமாக அந்தக் கட்டடத்தின் ஆரோக்கியம் முழுவதும் சாதுவின் கொட்டாவியில்தான் இருந்தது.

இப்போது சாதுவுக்கு உடம்புக்கு முடியவில்லை. அது பயில்வான் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"வெள்ளிக்கிழமை மொத்தமா வாயு விட்டு முடிச்சிடச் சொல்லிட்டாரு டைரக்டர்" என்றார் மேடம். "அறுநூத்திப் பன்னிரண்டு எலி. அப்புறம் எட்டு ரூமையும் புகை போட்டுக் கழுவணும்."

வராந்தாவில் ஆராய்ச்சிப் பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஏழாம் அறையில் அவளுடைய நாற்பது கிழ எலிகள் இருக்கின்றன. எலிக்கு முதுமை எப்படி வருகிறது என்று பார்ப்பவள். குட்டியாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் முடி நரைப்பதையும் நடை தளர்வதையும் வாரா வாரம் எழுதிவருகிறாள். இன்னும் ஆறு வாரம் இருந்தால் முடிந்துவிடும்.

"அண்ணா, என் எலிங்களுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. காதை வச்சுக் கேட்டேன். இருமல்கூட இல்ல" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்கண்ணா. எனக்குத் தெரியும்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் திரும்பிப் போய் மேடத்தின் கதவைத் தட்டினான்.

"மேடம், எதுக்கும் இன்னொரு தரம் எடுத்துப் பாத்துடலாமே?"

"அதான் விதியும் சொல்லுது. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள எட்டும் என் மேசைக்கு வரணும்."

பயில்வானுக்கு மனசு லேசானது. ஏழு அறை சுத்தம் என்று வந்துவிடும், எலிகள் பிழைத்துக்கொள்ளும், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாதி வராந்தா தாண்டிய பிறகுதான், தான் என்ன கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். பயில்வான் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"ம்."

சொன்னான். மெஷின் நின்றது. அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினாள். கடைசி ஊசி குத்துகிற வரைக்கும் வாக்கைக் காப்பாற்றினாள். அதற்கப்புறம் சிரித்த சிரிப்பில் கோட்டுத் துணி கீழே விழுந்தது, அவளும் விழப்பார்த்தாள்.

"எட்டு மாசமா? எட்டு மாசமா ஒரு எலியோட வாயிலயே காலத்த ஓட்டியிருக்கீங்களா? நான் தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே, எங்க வீட்டுக்காரர் எலிங்களை விரல் நுனியில வச்சு ஆட்டுறாருன்னு!"

"மெதுவாப் பேசு. அத்தைக்குக் கேக்கும்."

"எல்லாம் கேட்டுச்சு மாப்பிள்ளை" என்றது உள்ளறை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தலை குனிந்து தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு எடுக்கலன்னா?" என்று கேட்டாள், இப்போது சிரிக்காமல்.

"எடுக்கலன்னா எல்லாத்தையும் கொன்னுடுவாங்க. உண்மையச் சொன்னா வேலை போயிடும். உன் பேரும் சேந்து போயிடும், டைரக்டர்கிட்ட."

"என் பேரை நான் பாத்துக்கறேன். நீங்க கையக் காட்டுங்க."

வெட்டி எறிந்த வெள்ளைத் துணியில் கால் மணி நேரத்தில் ஓர் எலி தைத்தாள். கந்தலைத் திணித்து, கயிற்றில் வால் வைத்து, கத்தரிக்கோலால் வாயைக் கிழித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு வாய்க்குள் இரண்டு குண்டூசிகளையும் வைத்துத் தைத்தாள்.

"அது எதுக்கு?"

"பல்லு வேண்டாமா? பிடிங்க."

பிடிக்கப் போனான். அவள் அதைச் சட்டென்று துள்ளவிட்டு "கீச்" என்றாள். முக்காலி ஒரு பக்கம், பயில்வான் ஒரு பக்கம் விழுந்தார்கள். உள்ளறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"துணி எலிக்கே இந்தக் கூத்துன்னா, உசுரு இருக்கிற எலி பாவம், இவரு மேல விழுந்தா நசுங்கிடும். அதைச் சொல்லிப் புரியவைடீ. யாரு யாருக்குப் பயப்படணும்னு."

குழம்பு ஆறிப்போகும் வரைக்கும் பழகினான். கழுத்துத் தோலைக் கொத்தாகப் பிடிப்பது, மல்லாக்கத் திருப்புவது, குச்சியை விடுவது. மனைவி எலியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தாள், குதித்தாள், வசை பாடினாள். குண்டூசி நாலு முறை குத்தியது. ஐந்தாம் முறை குத்தியபோது அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை முதல் அறைக் கூண்டைத் திறந்து கையை விட்டான். எலி கடித்தது. தொண்டை வரைக்கும் வந்த அலறலை விழுங்கி வயிற்றுக்கு அனுப்பிவிட்டு, பிடியை விடாமல் திருப்பினான். திருப்பிய பிறகுதான் முதல்முறையாக அந்த எலியின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தான். அதன் நெஞ்சு அவனுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. "உனக்குமா?" என்று கேட்டான். எலி வாயைத் திறந்தது. குச்சி போய்வந்தது.

இரண்டாம் அறையில் இரண்டு கடி. நான்காம் அறையில் கடித்த எலி விரலிலேயே தொங்கியது. ஐந்தாம் அறைக்கு வரும்போது அவன் பேச ஆரம்பித்திருந்தான். "ஆ காட்டு கண்ணு, ஒரே ஒரு நிமிஷம், உன் நல்லதுக்குத்தான்." கடித்த வாயிடமே நலம் விசாரித்தான். அறைக்கு அறை கையுறை மாற்றினான். மாற்றும்போதெல்லாம் விரலைக் கழுவிப் பிளாஸ்திரி ஒட்டினான். மூன்றாம் அறையில் மட்டும் சாது வழக்கம் போல நடந்து வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழாய்களை ஜன்னலில் நீட்டினான். கோட்டுப் பையில் கையை மறைத்துக்கொண்டு, சீட்டி அடித்தபடி வராந்தாவில் நடந்தான்.

வியாழக்கிழமை மறுபடியும் கதவு திறந்தது. உள்ளே டைரக்டர் உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சிப் பெண்ணையும் வரவழைத்து நிற்க வைத்திருந்தார்கள். மேசையில் ஏழு தட்டுகளில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. மூன்றாம் தட்டில் மட்டும் அதே வழவழப்பு.

பயில்வான் முகம் மலர்ந்தது. வேறு யார் முகமும் மலரவில்லை.

"என்ன பண்ணீங்க?" என்றார் டைரக்டர்.

"பஞ்சு எடுத்தேங்க சார்."

"போன வாரம் எட்டு ரூம்லயும் நோய். இந்த வாரம் ஏழு ரூம் கழுவித் தொடச்ச மாதிரி இருக்கு. கிருமி லீவு போட்டுட்டு வெளியூர் போயிடுச்சா?"

"ஸ்பிரிட்ல முக்கி எடுத்தா இப்படித்தான் ஒண்ணும் முளைக்காது" என்றார் மேடம், தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "ஆனா மூணாம் நம்பரை மட்டும் ஏன் முக்காம விட்டாருன்னுதான் புரியல."

"ஒண்ணையாவது விட்டாத்தான் நம்புவாங்கன்னு விட்டிருப்பாரு." டைரக்டர் ஆராய்ச்சிப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உங்க எலிங்களுக்காக இவரைச் செய்யச் சொன்னது நீங்கதானே? அன்னைக்கு வராந்தாவுல அழுதுட்டு நின்னீங்களாமே. உங்க மூணு வருஷத்தையும் இன்னைக்கே ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

ஆயுளில் ஒரே ஒருமுறை ஒழுங்காக வேலை செய்ததற்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று பயில்வான் நினைக்கவில்லை. பேசாமல் நின்றால் ஸ்பிரிட் குற்றம் பாதி இந்தப் பெண் தலையில் விடியும்.

"சார், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது எடுத்ததுதான் நெசம். மொதல்ல எடுத்ததுதான்…" மூன்றாம் தட்டைப் பார்த்தான். "மொதல்ல எடுத்தது எட்டும் ஒரே தொண்டைங்க."

"ஒரே தொண்டைன்னா?" என்றார் மேடம்.

"மூணாம் ரூம் சாதுவோட தொண்டை. மத்ததெல்லாம் கடிக்குங்க."

மேடம் மெதுவாக உட்கார்ந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒரே கிருமி எட்டு அறைகளைப் பிடித்த கதையை அவற்றில் எழுதியிருந்தார். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனது என்று சிவப்பு மையில் படமும் போட்டிருந்தார்.

"அம்புக்குறியெல்லாம் போட்டுட்டேனே" என்றார் துக்கத்தோடு.

"எத்தன மாசமா இது?" டைரக்டர் கேட்டார்.

"எட்டு."

"அப்ப எட்டு மாசமா இந்த எலிக்கூடம் சுத்தம்னு நான் கையெழுத்துப் போட்டேனே, அது?"

"சாது சுத்தமா இருந்துச்சுங்க சார்."

டைரக்டர் எழுந்தார். பயில்வானைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார், அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் நம்பல. இந்த உடம்ப வச்சுக்கிட்டு எலிக்குப் பயமாம். யாருகிட்ட கதை விடுறீங்க? ஒரு பொய்ய மறைக்க இன்னொரு பொய்யா?"

பயத்துக்குச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் கொடுக்கிறார்கள்?

மேடம்தான் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். எலி கடித்தால் யாராக இருந்தாலும் நாள், அறை, விரல் எல்லாம் அதில் எழுத வேண்டும். பக்கங்களைப் புரட்டினார். பழைய ஆட்கள் ஆளுக்கு மாதம் ரெண்டு மூணு கடி வாங்கியிருந்தார்கள். கடைசி எட்டு மாதத்தில் பயில்வான் பெயரில் ஒரு வரிகூட இல்லை.

"இத நான் கவனிச்சிருக்கணும் சார். இந்த வேலையில எட்டு மாசம் கடி வாங்காத மனுஷன் இருக்க முடியாது. பயில்வான், கையை வெளிய எடுங்க."

எடுத்தான். பத்து விரலில் எட்டுப் பிளாஸ்திரி.

"இது?"

"ஒண்ணாம் ரூம்."

"இது?"

"ரெண்டு. பக்கத்துல இருக்கிறதும் ரெண்டுதாங்க, அது கொஞ்சம் கோவக்காரன். இது நாலு. கட்டை விரல் அஞ்சு…"

எட்டாம் அறை வரைக்கும் வந்தார்கள். ஆராய்ச்சிப் பெண், "ஏழாம் ரூம் காவல் கிழமா கடிச்சுது? அதுக்குப் பல்லே ஆடுமே" என்றாள் நம்ப முடியாமல்.

"ஆடுற பல்லாலதாம்மா கடிச்சுது."

"மூணாம் ரூம் கடி எங்க?" என்றார் மேடம்.

"சாது கடிக்காதுங்க."

"ஏன் நோட்டுல எழுதல?"

"எழுதினா, இத்தன நாளா ஏன் கடிக்கலன்னு கேப்பீங்களே மேடம்."

டைரக்டர் சிரிக்கவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

வெள்ளிக்கிழமை வாயு வரவில்லை. மேடம் தானே இறங்கி, அறைக்கு இரண்டு எலி வீதம் எடுத்துப் பார்த்தார். பயில்வான் பிடித்துக் கொடுத்தான். மூன்றாம் அறையில் எல்லாக் கூண்டுகளையும் பார்த்தார். கிருமி இருந்தது சாதுவின் கூண்டில் மட்டும், அந்தக் கூண்டின் தண்ணீர் பாட்டில் ரப்பரில், பாசி போல. மற்றக் கூண்டுகளில் பயில்வான் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடி, கழுவும் இடத்தில் வெந்நீரில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவான். சாதுவிடம் மட்டும் பயமில்லை அல்லவா? நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே, இருந்த பாட்டிலிலேயே தண்ணீரை நிரப்பிவிட்டு வந்துவிடுவான்.

"நீங்க பயந்த எலியெல்லாம் நல்லா இருக்கு" என்றார் மேடம். அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார்.

நுரையீரல் வரைக்கும் போயிருக்கிறதா என்று அறுத்துப் பார்க்க, சாதுவை அவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இடுக்கியை எடுக்காமல் கையை நீட்டினான். அது ஏறி உட்கார்ந்து கொட்டாவி விட்டது. கொட்டாவி முடியும் வரைக்கும் கதவருகில் நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே போனான்.

வேலை விஷயம் வந்தபோது டைரக்டர் அனுப்பிவிடலாம் என்றார். மேடம்தான் தடுத்தார். "புதுசா ஒருத்தர் வந்தா, அவரு எந்தத் தொண்டையில எடுப்பாருன்னு நமக்கு எப்படித் தெரியும் சார்? இவரு எப்படி ஏமாத்துவாருன்னாவது இப்ப தெரியும்." முடிவில் மூன்று மாதம் கெடு வைத்தார்கள். மேடத்தின் கண்ணெதிரில் எட்டு அறையிலும் எடுக்க வேண்டும். ஒரு தொண்டை தவறினாலும் வீட்டுக்குப் போகலாம்.

அடுத்த மாதம் முதல் வாரம் வந்தது. ஒன்றும் இரண்டும் முடிந்து மூன்றாம் அறைக்கு வந்தார்கள். காவல் கூண்டில் புதிதாக ஒரு கறுப்புச் சுண்டெலி இருந்தது. இளசு. மூடியில் நிழல் பட்டதுமே பின்னங்காலில் எழுந்து நின்றது.

மேடம் முக்காலியில் உட்கார்ந்து கடி நோட்டை மடியில் விரித்தார். "இதுக்குப் பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்க. முதல்ல பழகிப் பாக்கலாம்." பயில்வான் புதுக் கையுறையை மாட்டினான். முழங்கால் இரண்டும் நடுங்கத்தான் செய்தன. அவற்றை அவன் பொருட்படுத்தவில்லை. "மேடம், தேதியும் ரூம் நம்பரும் முன்னாடியே எழுதிடுங்க. விரலை மட்டும் அப்புறம் சொல்றேன்."

மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றான். கையை வெளியே எடுக்கவில்லை. அதைக் கழுத்துத் தோலோடு கொத்தாகப் பிடித்து, மல்லாக்கத் திருப்பி, முகத்துக்கு நேரே தூக்கினான்.

"ஆள்காட்டி விரல் மேடம்" என்றான். "ஆ காட்டு கண்ணு."